நான்கு ஏர்கள் நின்றுபோன ஊர்

(தொடர்கல்வி மையத்தில் ஒரு மாலை நேரப் பேச்சு)



இன்று ஓர் ஊரின் கதையைச் சொல்லப் போகிறேன். அந்த ஊர் இங்கிலாந்தில் இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வதா, இருந்தது என்று சொல்வதா? ஊரின் பெயர் இருக்கிறது. ஊர் இருந்த இடம் இருக்கிறது. வீடுகள் இல்லை. குடிகள் இல்லை. ஒரு சர்ச் மட்டும் கூரை இல்லாமல் நிற்கிறது. சுற்றிலும் புல். புல்லுக்கு அடியில் மேடும் பள்ளமும்.

ஊரின் பெயர் வாரம் பெர்சி. வாரம் என்றதும் நமக்கு வாரக் குத்தகை ஞாபகம் வரும். அந்த வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் சம்பந்தம் இல்லை. பெர்சி என்பது அந்த ஊரை வைத்திருந்த பெரிய நிலப்பிரபுக் குடும்பத்தின் பெயர். ஊர்ப் பெயரிலேயே பாதி பண்ணையாருக்குப் போய்விட்டது, பாருங்கள்.

வெள்ளைக்காரர் என்றால் நமக்கு துரைதான் ஞாபகம் வருவார். குதிரை, தொப்பி, கையில் பிரம்பு. ஆனால் அவர்கள் நாட்டில் எல்லோரும் துரையாக இருக்க முடியுமா? ஏர் ஓட்டியது யார்? சாணி அள்ளியது யார்? அங்கும் குடியானவர்கள் இருந்தார்கள். பண்ணையார் நிலத்தில் கூலி இல்லாமல் உழைத்தார்கள். கேட்காமல் ஊரை விட்டுப் போக முடியாது. மகளுக்குக் கல்யாணம் செய்தாலும் பண்ணையாருக்குப் பணம் கட்ட வேண்டும். எழுநூறு எண்ணூறு வருடங்களுக்கு முன்பு இதுதான் அங்கே வழக்கம். அந்த மனிதர்களின் கதைதான் இது.

அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தங்களைப் பற்றி ஒரு வரிகூட அவர்கள் எழுதி வைக்கவில்லை. அவர்களைப் பற்றி எழுதியதெல்லாம் மற்றவர்கள். 1086ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசர் நாடு முழுவதும் கணக்கு எடுத்தார். எந்த ஊரில் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எவ்வளவு வரி வரும் என்று எழுதிக் கொண்டார்கள். அந்தக் கணக்குப் புத்தகத்தில் இந்த ஊரும் இருக்கிறது. ஏர் இருக்கிறது. ஏர் பிடித்தவன் பெயர் இல்லை.

அப்படியானால் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று இன்று நமக்கு எப்படித் தெரியும்? மண்ணைத் தோண்டித்தான். மண்ணுக்குள் கிடப்பதை வைத்துப் பழைய காலத்தை அறிவதைத் தொல்லியல் என்று சொல்கிறோம். தோண்டிப் பார்க்கும் வேலைக்கு அகழாய்வு என்று பெயர்.

தொல்லியல் என்றால் பலருக்கும் தங்கப் புதையல், ராஜா கல்லறை, பெரிய கோட்டை இவைதான் நினைவுக்கு வரும். அந்தக் காலத்து இங்கிலாந்துப் படிப்பாளிகளுக்கும் அப்படித்தான். கோட்டையைத் தோண்டினார்கள். மடாலயத்தைத் தோண்டினார்கள். குடியானவன் வீட்டைத் தோண்டி என்ன கிடைக்கப் போகிறது என்று விட்டுவிட்டார்கள்.

மாரிஸ் பெரெஸ்ஃபோர்டு என்று ஒருவர் இருந்தார். லீட்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். பழைய வரிக் கணக்குகள், நிலப் பத்திரங்கள் இவற்றைப் படிப்பது அவர் தொழில். கணக்கில் ஊர் இருக்கும். வரைபடத்தைப் பார்த்தால் அந்த ஊர் இருக்காது. இது அவருக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. இப்படிப்பட்ட ஊர்களைத் தேடி நடந்தே போவார். 1948இல் வாரம் பெர்சிக்கு வந்தார். இங்கிலாந்தின் வடகிழக்கில், யார்க்‌ஷயர் என்ற பகுதியில், வெள்ளைச் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது இந்த இடம். குன்றுச் சரிவில் புல் மேடுகளைப் பார்த்தார். மேடுகள் கோணல் மாணலாக இல்லை. வரிசையாக, கட்டம் கட்டமாக இருந்தன. இது வீட்டு மனை, இது தெரு என்று அவருக்குத் தோன்றியது.

தோன்றினால் போதுமா? 1950இல் தோண்டத் தொடங்கினார். அவர் தோண்டும் வேலை படித்தவர் இல்லை. சுவர் தட்டுப்படுகிறதா என்று பார்த்து, சுவர் போகும் வழியே மண்ணை எடுத்துக் கொண்டே போனார். கொஞ்ச காலத்தில் ஜான் ஹர்ஸ்ட் என்ற தொல்லியல் அறிஞர் வந்து சேர்ந்தார். அவர் முறையை மாற்றினார். குழி குழியாகத் தோண்டக் கூடாது, ஒரு வீட்டு மனை முழுவதையும் திறக்க வேண்டும் என்றார். மண்வெட்டியால் வெட்டவும் கூடாது. கொத்தனார் கரண்டியைக் கையில் வைத்துக் கொண்டு, முட்டி போட்டு, மண்ணைத் தோல் தோலாக உரிக்க வேண்டும். ஒவ்வோர் ஓட்டுத் துண்டும் எந்த இடத்தில் கிடந்தது என்று படம் போட்டுக் குறிக்க வேண்டும். டென்மார்க் நாட்டில் அப்படித் தோண்டினார்கள். அதைப் பார்த்து இங்கே செய்தார்கள்.

எத்தனை நாள் தோண்டினார்கள் தெரியுமா? நாற்பது வருடம்! ஆண்டுதோறும் ஜூலை மாதம் சில வாரங்கள். 1990 வரை விடாமல் செய்தார்கள். தோண்டியவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். மாணவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். ஒருமுறை வந்தவர்கள் அடுத்த வருடமும் வந்தார்கள். அப்படி நாற்பது வருடம் பாடுபட்டும் ஊரில் ஒரு சிறு பகுதியைத்தான் தோண்ட முடிந்தது. கரண்டியால் உரித்தால் அவ்வளவுதான் நகரும்.

சரி, என்ன கிடைத்தது? வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம்.

வீடு நீளமானது. அகலம் குறைவு. நடுவில் குறுக்கே ஒரு நடை. நடைக்கு மேல் பக்கம் மனிதர்கள். கீழ்ப் பக்கம் மாடு கன்று. ஒரே கூரை, வைக்கோல் கூரை. நடு வீட்டில் தரையிலேயே அடுப்பு. புகைபோக்கி கிடையாது. குளிர் தேசம். மாட்டின் உடம்புச் சூடும் வீட்டுக்கு உதவியாக இருந்திருக்கும்.

இந்த வீடுகளைப் பற்றி ஒரு சுவையான விஷயம் உண்டு. முதலில் தோண்டியபோது சுவர்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. ஒரு சுவர் கிழக்கே போகும். அதன் மேல் இன்னொரு சுவர் வடக்கே போகும். இதைப் பார்த்த அறிஞர்கள், "இவை வெறும் குடிசைகள். ஒரு தலைமுறைகூடத் தாங்காது. இடிந்து விழும், திரும்பக் கட்டுவார்கள்" என்று எழுதினார்கள். பல வருடம் எல்லோரும் அதையே சொன்னார்கள். பிறகு அதே படங்களை வைத்துக் கொண்டு வேறு அறிஞர்கள் திரும்ப யோசித்தார்கள். வளைந்த இரண்டு மரங்களை உச்சியில் சேர்த்துக் கட்டுவது அந்தப் பகுதி வழக்கம். இரண்டு கையையும் கூப்பியது போல இருக்கும். கூரையின் பாரம் முழுவதையும் அந்த மரங்களே தாங்கும். சுவர் ஒரு மறைப்புத்தான். சுவரைப் பிய்த்துத் திரும்பக் கட்டலாம், கூரைக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே மாறியது சுவர். வீடு பல தலைமுறை நின்றது. மரம் மட்கிப் போனதால் அது கண்ணில் படவில்லை. ஏழை வீடு என்றால் குடிசையாகத்தான் இருக்கும் என்று படித்தவர்கள் முன்கூட்டியே முடிவு கட்டியிருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வீட்டின் தரை நடுவில் குழிந்து இருந்தது. ஏன் தெரியுமா? பெருக்கிப் பெருக்கித்தான்! பெண்கள் தினமும் துடைப்பத்தால் பெருக்கியதில் மண் தேய்ந்து பள்ளமாகிவிட்டது. ஊரில் அரசர் வந்து போனாலும் இவ்வளவு அடையாளம் இருக்காது. பெயர் தெரியாத பெண்களின் கை வேலை இத்தனை நூற்றாண்டுகளாக மண்ணில் இருந்தது.

கத்தி, சாணைக்கல், பூட்டு, சாவி, பானை ஓடு எல்லாம் கிடைத்தன. பூட்டு இருந்தால் பூட்டி வைக்க ஏதோ இருந்தது என்று அர்த்தம். கடல் மீன் முள்ளும் கிடைத்தது. கடல் அங்கிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். கருவாடாகவோ உப்பு மீனாகவோ வந்திருக்கலாம். இந்தக் குடியானவர்கள் சந்தைக்குப் போனார்கள், விற்றார்கள், வாங்கினார்கள். கிணற்றுத் தவளைகளாக இருக்கவில்லை.

சர்ச்சையும் அதன் சுற்றிலும் தோண்டினார்கள். இறந்தவர்களை அங்கேதான் புதைப்பது வழக்கம். ஏறக்குறைய 700 பேரின் எலும்புகள் கிடைத்தன. எலும்பு பேசுமா? பேசும். கேட்கத் தெரிந்தால் பேசும்.

பிள்ளைகளின் எலும்பை அளந்தார்கள். 14 வயதுப் பிள்ளையின் உயரம் இன்றைய 10 வயதுப் பிள்ளையின் உயரம்தான் இருந்தது. சாப்பாடு போதவில்லை, நோயும் இருந்தது. ஆனால் அவர்கள் இருபது வயதைத் தாண்டியும் மெல்ல மெல்ல வளர்ந்தார்கள். கடைசியில் ஆண்கள் சராசரியாக 169 சென்டிமீட்டர் வந்துவிட்டார்கள்.

கைக்குழந்தைகளின் எலும்பையும் சோதித்தார்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் எலும்பில் அதற்கு ஓர் அடையாளம் இருக்கும். அதை வைத்துப் பார்த்தால், அந்த ஊர்த் தாய்மார்கள் சுமார் ஒன்றரை வயது வரை பால் கொடுத்தார்கள். அதே காலத்தில் பணக்காரப் பெண்கள் பால் கொடுக்கத் தாதி வைத்துக் கொண்டார்கள். இந்தத் தாய்மார்கள் தாங்களே கொடுத்தார்கள். எந்தப் புத்தகத்திலும் எழுதாத செய்தி இது. எலும்பு சொன்னது.

ஒரு மனிதனின் மண்டை ஓடு கிடைத்தது. வயது சுமார் 40. காலம் ஏறக்குறைய ஆயிரம் வருடங்களுக்கு முன்பு. யாரோ தலையில் பலமாக அடித்திருக்கிறார்கள். எலும்பு உள்ளே அமுங்கிவிட்டது. ஒரு வைத்தியர் தோலை விலக்கி, உடைந்த எலும்பைச் சுரண்டி எடுத்து, மூளையின் மேல் இருந்த அழுத்தத்தைக் குறைத்திருக்கிறார். மயக்க மருந்து இல்லாத காலம். அந்த மனிதன் பிழைத்தான்! எலும்பு ஆறி, ஓரம் வழவழப்பாகி இருக்கிறது. அந்த வைத்தியரைப் பற்றி நினைத்தால் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

இன்னொரு விஷயம். சிறுபிள்ளைகள் இருந்தால் காதைப் பொத்திக் கொள்ளுங்கள். வீடுகள் இருந்த பக்கம் ஒரு குழியில் 137 எலும்புத் துண்டுகள் கிடைத்தன. குறைந்தது 10 பேருடையவை. இறந்த பிறகு கத்தியால் வெட்டி, நெருப்பில் போட்ட எலும்புகள். 2017இல் இதைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. பஞ்சத்தில் மனிதரை மனிதர் தின்றார்களா? அப்படியும் யோசித்தார்கள். ஆனால் வெட்டுகள் தலை, கழுத்துப் பக்கமே அதிகம். சதைக்காக வெட்டினால் வேறு இடத்தில் அல்லவா வெட்டுவார்கள்? ஆகவே வேறொரு காரணம் சொன்னார்கள். செத்தவர் எழுந்து நடந்து ஊருக்குள் வருவார் என்ற பயம் அந்தக் காலத்தில் இருந்தது. வராமல் இருக்க வெட்டி எரித்திருக்கலாம் என்றார்கள். வெளியூர்க்காரர்களைத்தான் இப்படிச் செய்திருப்பார்களோ என்று பல்லைச் சோதித்தார்கள். இல்லை, அந்தப் பக்கத்து ஆட்கள்தான். வெள்ளைக்காரர்களுக்குப் பேய்ப் பயம் கிடையாது என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இந்த ஊர் ஏன் காலியானது?

ரொம்ப நாள் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். பிளேக் நோய். 1348இல் இங்கிலாந்துக்குள் வந்தது. அடுத்த வருடம் யார்க்‌ஷயரைத் தாக்கியது. வீட்டுக்கு வீடு பிணம். கொள்ளை நோயில் ஊரே அழிந்தது, மிச்சம் பேர் ஓடிப் போனார்கள் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. யார் மேலும் குற்றம் இல்லை.

ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. நோய்க்கு முன்பு ஊரில் சுமார் 40 வீட்டு மனைகள் இருந்தன. நோய் வந்து ஏறக்குறைய 20 வருடம் கழித்து, 1368இல் எழுதிய கணக்கில் சுமார் 30 வீடுகள் இருக்கின்றன. நூறு வருடத்துக்கு மேல் கழித்து, 1458இல் 16 வீடுகள். நோய் ஊரை மெலிய வைத்தது. உண்மைதான். கொல்லவில்லை.

இதையே சர்ச் சுவரிலும் பார்க்கலாம். முதலில் மரத்தால் ஒரு சின்ன சர்ச். பிறகு கல்லில் கட்டினார்கள். ஊர் பெருகியது, இடம் போதவில்லை. பக்கச் சுவரை வளைவு வளைவாகத் திறந்து, வெளியே கூடுதலாக ஒரு தாழ்வாரம் சேர்த்தார்கள். மறுபக்கமும் சேர்த்தார்கள். பிறகு ஆட்கள் குறைந்தார்கள். தாழ்வாரங்களை இடித்தார்கள். திறந்த வளைவுகளைக் கல் வைத்து அடைத்தார்கள். அடைத்த வளைவுகள் இன்றும் சுவரில் தெரிகின்றன.

நோய்க்குப் பிறகு நாட்டில் ஆட்கள் குறைவு. கூலி ஏறியது. ஏர் ஓட்ட ஆள் வேண்டும், விதைக்க ஆள் வேண்டும், அறுக்க ஆள் வேண்டும். நிலப்பிரபுக்களுக்கு இது பிடிக்கவில்லை. அதே நேரம் ஆட்டு ரோமத்துக்கு நல்ல விலை. கம்பளித் துணி நெய்கிறவர்கள் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கினார்கள். ஆடு மேய்க்க எத்தனை ஆள் வேண்டும்? ஒரு மேய்ப்பன், ஒரு நாய். நிலம் முழுவதையும் புல்லாக விட்டுவிடலாம். குடியானவன் இருந்தால்தான் இடைஞ்சல்.

இதற்கிடையில் 1403இல் பெர்சி குடும்பம் இந்த ஊரைக் கொடுத்து வேறு நிலத்தை மாற்றிக் கொண்டது. மாட்டுக்கு மாடு மாற்றுவது போல. ஊர் ஹில்டன் என்ற குடும்பத்தின் கைக்குப் போனது. குடிகளை யார் கேட்டார்கள்?

1500ஐ ஒட்டி மிச்சம் இருந்தவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். இங்கே மட்டும் அல்ல. நாட்டின் பல பகுதிகளில் இதே கதை. நிலம் போனவர்கள் சாலையில் அலைந்தார்கள். வரி குறைந்தது, படைக்கு ஆள் குறைந்தது. அரசருக்கே கவலை வந்துவிட்டது. எட்டாம் ஹென்றி அரசர் காலத்தில், 1517இல் விசாரணைக் குழு போட்டார்கள். எந்தப் பிரபு எந்த ஊரில் எத்தனை வீட்டை இடித்தார் என்று விசாரித்து எழுதினார்கள். வாரம் பெர்சிக்கு எதிரே இப்படி ஒரு பதிவு: ஹில்டன் பிரபு நான்கு வீடுகளை அழிய விட்டார், நான்கு ஏர்களை நிறுத்தினார்.

நான்கு வீடு. நான்கு ஏர். ஐந்நூறு வருடத்துக்கு மேல் வாழ்ந்த ஊரின் முடிவுக்கு ஒரே ஒரு பதிவு. விசாரணை நடந்தது. ஊர் திரும்பவில்லை. நிலம் புல்லாகவே கிடந்தது. ஆடுகள் மேய்ந்தன. உழாமல் விட்டதால்தான் வீட்டு அடையாளங்கள் கலையாமல் அப்படியே பிழைத்தன. குடிகளைத் துரத்திய புல்லே அவர்கள் தடத்தைக் காப்பாற்றியும் கொடுத்தது.

பெரெஸ்ஃபோர்டு 1954இல் காணாமல் போன ஊர்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அவரும் ஹர்ஸ்டும், அவர்களோடு சேர்ந்தவர்களும் தேடத் தேடப் பட்டியல் நீண்டது. இங்கிலாந்தில் இப்படிக் காலியான ஊர்கள் மூவாயிரத்துக்கு மேல் என்று இன்று தெரிகிறது. எல்லாமே ஆட்டினால் காலியானவை என்று சொல்ல முடியாது. நோய், மண் வளம் குறைவு, பக்கத்து ஊருக்குப் போனது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். வாரம் பெர்சியை மட்டும் நாற்பது வருடம் பொறுமையாகப் பார்த்ததால் அதன் கதை இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

ஊர் போன பிறகும் சர்ச் மட்டும் நின்றது. பக்கத்துச் சிற்றூர்களின் மக்கள் நடந்து வந்து கும்பிட்டார்கள். அங்கேயே தங்கள் இறந்தவர்களைப் புதைத்தார்கள். 1949 வரை அது நடந்தது. 1959இல் கோபுரத்தில் ஒரு பாதி சரிந்தது. மறுபாதி இன்றும் நிற்கிறது. இப்போது அந்த இடத்தைப் பாதுகாத்து வருகிறார்கள். யாரும் போய்ப் பார்க்கலாம். வாகனத்தை மேலே நிறுத்திவிட்டுக் கீழே ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டும். மாடுகள் மேயும், ஜாக்கிரதையாகப் போக வேண்டும். பழைய தெரு தரையை விடத் தாழ்ந்து கிடக்கிறது. அதை யாரும் வெட்டவில்லை. காலும் வண்டிச் சக்கரமும் தேய்த்த பள்ளம் அது.

வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்று கொண்டு வந்திருக்கிறேன். கை மாற்றிப் பாருங்கள். மாலை வெயிலில் எடுத்தது. உச்சி வெயிலில் எடுத்தால் மேடு தெரியாது, வெறும் புல்தான் தெரியும். வெயில் சாய்ந்தால் மேட்டின் நிழல் நீளும். நிழலைப் பார்த்துக் கொண்டே போங்கள். இங்கே தெரு. இங்கே சர்ச். இந்த வரிசையில் எத்தனை வீட்டு மனை தெரிகிறது என்று எண்ணி, உங்கள் நோட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள்.